ஸ்கேவன் வேகமாக ஓடியும் தோற்கிறதா? மோர்ட்ஹைமில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேசையில் சின்னப் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் மோர்ட்ஹைம் விளையாட்டில் ஸ்கேவன் (எலி மனிதர்கள்) கூட்டத்தை எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதன் வேகத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். மனிதக் கூட்டத்து ஆள் ஒரு டர்னுக்கு 4 அங்குலம் நடக்கிறான், குள்ளன் 3 அங்குலம்தான். நம்மிடம் வெர்மின்கின்னும் (சாதாரண எலி மனிதன்) சோர்சரரும் (மந்திரவாதி) 5, மற்ற ஹீரோக்களும் (கூட்டத்தின் முக்கிய ஆட்கள்) ராட்சத எலிகளும் 6. இந்த எண்களைப் பார்த்ததும் ஆசை வந்துவிடும். அப்புறம் முதல் மூன்று நான்கு ஆட்டங்களில் வரிசையாகத் தோல்வி வரும், "இந்தக் கூட்டமே பலவீனம்" என்று மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். கூட்டம் பலவீனமில்லை. வேகத்தைச் செலவழிக்கும் விதத்தில்தான் பிழை, அதுவும் பெரும்பாலும் ஒரே பிழைதான் வெவ்வேறு முகத்தோடு வருகிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999-இல் வெளியிட்டது. வால்நட்சத்திரம் விழுந்து பாழான மோர்ட்ஹைம் நகரத்தில், சிதறிக் கிடக்கும் விர்ட்ஸ்டோன் என்ற மந்திரக்கல் துண்டுகளுக்காகச் சின்னச் சின்னக் கூட்டங்கள் மோதிக்கொள்ளும். 500 தங்க கிரவுனில் ஆள் சேர்க்க வேண்டும். பெரும்பாலான கூட்டங்களுக்கு உச்சவரம்பு 15 பேர், ஸ்கேவனுக்கு 20. ஒரு ஆட்டத்தில் நடப்பது அடுத்த ஆட்டத்துக்கும் தொடரும், அதனால் இங்கே ஆள் இழப்பது வெறும் ஒரு நாள் தோல்வி இல்லை.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மேசையில் எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

அறிகுறி: இரண்டாம் டர்ன் முடிவதற்குள் நல்ல ஆட்கள் எல்லாம் போய்விடுகிறார்கள்

இதுதான் அடிக்கடி வரும் நோய். 48 அங்குல மேசையில் இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து 8 அங்குலத்துக்குள் ஆட்களை நிறுத்தினால் நடுவில் 32 அங்குலம் இருக்கும். பிளாக் ஸ்கேவன் (சண்டைக்கான ஹீரோ, நடை 6) ஓடினால் டர்னுக்கு இரண்டு மடங்கு, அதாவது 12, இரண்டு டர்னில் 24. அதாவது எதிராளி அசையாமல் நின்றால்கூட உங்கள் ஆள் அவன் முன்னால் 8 அங்குலத்தில் போய் நிற்பான். வெர்மின்கின் அதே நேரத்தில் 20 அங்குலம்தான் வந்திருக்கும், சோர்சரரும் அப்படித்தான். ஆக, உங்கள் சிறந்த சண்டைக்காரர்கள் இருவர் மட்டும் நான்கு அங்குலம் முன்னால், தனியாக, எல்லோருக்கும் இலக்காக நிற்கிறார்கள். வேகத்தால் நீங்கள் வாங்கியது இதுதான்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒருவன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிரிகளோடு கைகலப்பில் இருந்து, 6 அங்குலத்துக்குள் நிற்கிற நிலையில் நண்பர் யாரும் இல்லையென்றால், கைகலப்புக் கட்டத்தின் முடிவில் தனிமைச் சோதனை எடுக்க வேண்டும். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அவனுடைய லீடர்ஷிப்பை (மனவுறுதி எண்) தாண்டக்கூடாது. பிளாக் ஸ்கேவனுக்கு லீடர்ஷிப் 6, வெர்மின்கினுக்கு 5, நைட் ரன்னருக்கு (இளம் ஹீரோ) 4. வெர்மின்கின் தேறும் வாய்ப்பு 36-க்கு 10, நைட் ரன்னருக்கு 36-க்கு 6. தோற்றால் முதுகைக் காட்டி ஓடுவான், ஓடும்போது பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எதிரியும் அவனைத் தவறாமல் ஒரு அடி அடிப்பான். பல நாள் நான் இதைப் "பகடை சரியில்லை" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பகடைமேல் தப்பில்லை, அந்தச் சோதனையே வந்திருக்கக்கூடாது.

சரிசெய்வது: கூட்டத்தின் கடிகாரம் மெதுவான ஆள்தான். முதல் டர்னில் எல்லோரும் ஓடட்டும், ஆனால் 6 அங்குலக்காரர்கள் 10 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். எதிராளியிடமிருந்து ஒரு சார்ஜ் (எதிரிமேல் பாய்ந்து கைகலக்கும் நகர்வு) தூரத்துக்குச் சற்று வெளியே, ஒரு கட்டடத்தின் பின்னால், கூடும் இடம் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்பே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அங்கே வந்து சேரும்வரை ஒருவனும் தாண்டக்கூடாது. அடுத்த டர்னில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில், ஒருவன்மேல் இருவராகப் பாய வேண்டும். அப்படியும் யாராவது தனியாகப் போயே ஆக வேண்டும் என்றால், 15 கிரவுன் ராட்சத எலி ஒன்றை அவன் பின்னால் 6 அங்குலத்துக்குள் கூட்டிப்போங்கள். எலியும் நண்பர்தான், அது நிற்கும்வரை தனிமைச் சோதனை கிடையாது.

அறிகுறி: என் சார்ஜ் எட்டுவதில்லை, அவன் சார்ஜ் மட்டும் எட்டுகிறது

சார்ஜ் என்பது நடையின் இரண்டு மடங்கு. வெர்மின்கின்னுக்கு 10, பிளாக் ஸ்கேவனுக்கும் எலிக்கும் 12, மனிதனுக்கு 8, குள்ளனுக்கு 6. முன்கூட்டி அளந்து பார்க்க அனுமதி இல்லை. தூரத்தைத் தப்பாகக் கணித்தால் சார்ஜ் தோற்று, ஆள் சாதாரண நடை தூரம் மட்டும் முன்னே போய் நிற்பான். ஸ்கேவனுக்கு இது மற்றவர்களைவிட மோசம்: 10.5 அங்குலத்தில் இருப்பவன்மேல் வெர்மின்கின்னை ஏவினால் அது 5 அங்குலம் போய், எதிரியின் முன்னால் ஐந்தரை அங்குலத்தில், வெட்டவெளியில் நிற்கும். அடுத்த டர்னில் அவன் சார்ஜ் செய்வான், சார்ஜ் செய்தவனே முதலில் அடிப்பான்.

மனிதக் கூட்டத்துக்கு எதிராக வெர்மின்கின்னுக்குச் சாதகமான பட்டை 8-க்கும் 10-க்கும் நடுவில் உள்ள இரண்டு அங்குலம் மட்டுமே. அதில் நின்றால் அவனால் உங்களைத் தொட முடியாது, உங்களால் முடியும். பத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், ஒன்பதை குறி வையுங்கள். கண் பழக ஒரு வழி: ஆட்டத்துக்கு முன் மேசையில் உள்ள கட்டடங்களின் நீளத்தை அளந்து நினைவில் வைத்துக்கொள்வது. "அந்த இடிந்த வீடு 7 அங்குலம், அதன் மூலையிலிருந்து இன்னும் ஒரு கை" என்று கணக்குப் போட முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நீங்கள் சட்டப்படி அளந்து நகர்த்தும் ஒவ்வொரு நகர்வும் அடுத்த கணிப்புக்கு உதவும் அளவுகோல்தான், அதையும் கவனியுங்கள்.

குள்ளர்களிடம் இந்தப் பட்டை 6 முதல் 10 வரை அகலமாகிறது, அங்கே தாராளமாக ஆடலாம். நடை 5 உள்ள எல்ஃப்களிடம் வெர்மின்கின்னுக்கு இந்தச் சாதகமே கிடையாது, இருவருக்கும் 10. அங்கே முதல் அடி எலியிடமிருந்தோ பிளாக் ஸ்கேவனிடமிருந்தோதான் வர வேண்டும்.

இன்னொரு சங்கதி, இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரியைச் சாதாரணமாகச் சார்ஜ் செய்ய முடியாது, ஆனால் அவன் 4 அங்குலத்துக்குள் இருந்து, ஒளிந்த நிலையில் இல்லையென்றால் இனிஷியேட்டிவ் (சுறுசுறுப்பு எண்) சோதனையில், அதாவது ஒரு பகடை அந்த எண்ணைத் தாண்டாமல் விழுந்தால், தேறிச் சார்ஜ் செய்யலாம். சாதாரண மனிதனுக்கு இனிஷியேட்டிவ் 3, அதாவது பாதிக்குப் பாதி. வெர்மின்கின்னுக்கு 4, ஆறில் நான்கு. பிளாக் ஸ்கேவனுக்கும் தலைவனுக்கும் 5, ஆறில் ஐந்து. சுவரின் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீங்கள் என்ற நிலைமை வந்தால் பயப்படாதீர்கள், கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

அப்புறம், டர்ன் தொடக்கத்தில் 8 அங்குலத்துக்குள் எதிரி நின்றுகொண்டிருந்தால் ஓட முடியாது. இது உங்களுக்கும் பொருந்தும், அவனுக்கும் பொருந்தும். அவனுடைய பக்கவாட்டுப் படைக்கு ஏழு அங்குலத்தில் ஒரே ஒரு எலியைக் கொண்டுபோய் விட்டால் அந்த மூன்று நான்கு பேரும் உதவிக்கு ஓட முடியாமல் 4 அங்குலம் நடந்தே வர வேண்டும், இல்லையென்றால் எலியைச் சார்ஜ் செய்து நேரத்தை இழக்க வேண்டும். 15 கிரவுனுக்கு இதைவிட நல்ல வியாபாரம் இந்த விளையாட்டில் எனக்குத் தெரியாது.

அறிகுறி: நெருங்கும் முன்பே சுட்டுத் தீர்த்துவிடுகிறார்கள்

கிராஸ்போவின் (குறுக்குவில்) தூரம் 30 அங்குலம், பலம் 4. ராட் ஓகர் என்ற எலி அரக்கனைத் தவிர உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் டஃப்னெஸ் (அடி தாங்கும் திறன்) 3. திறந்த தெருவில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுடும் விதிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் ஓட்டைகள் தெரியும்.

தரையில் நிற்கும் வில்லாளி மிக அருகில் இருக்கும் எதிரியைத்தான் சுட வேண்டும். தூரத்தில் இருப்பவனைச் சுடுவது சுலபமாக இருந்தால் மட்டும் அவனைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் எலிகளை முன்னால் விடுவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம், ஆனால் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எலிகளைச் சுவர் ஓரமாக மறைத்துக் கூட்டிப்போய், ஹீரோக்களைத் தெருவில் ஓட விடுகிறார்கள். அப்போது எலி மறைவில், அதாவது சுட ஒன்று குறைவு. ஹீரோ வெளியில், சுலபம். வில்லாளி சட்டப்படியே ஹீரோவைச் சுடுவான். எலிதான் வெட்டவெளியில் ஓட வேண்டும், ஹீரோ பின்னால் மறைவில் வர வேண்டும். எலிக்காக மனம் வருந்தாதீர்கள், அந்த வேலைக்குத்தான் அது வந்தது.

இரண்டாவது, இந்த எலித் திரை மேலே இருப்பவனிடம் செல்லாது. மேசையிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் உயரத்தில் நிற்பவன் பார்வையில் படும் யாரை வேண்டுமானாலும் சுடலாம். எதிராளி முதல் டர்னிலேயே கிராஸ்போக்காரர்களை மாடியில் ஏற்றினால் எலிகளின் பின்னால் நடப்பதை விட்டுவிட்டு முழுக்கக் கட்டடங்களின் பின்னால் வழி தேடுங்கள். வழியே இல்லாவிட்டால் மறைவும் தூரமும் மட்டுமே துணை: பாலிஸ்டிக் ஸ்கில் (சுடும் திறன்) 3 உள்ளவனுக்குப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் தேவை, 15 அங்குலத்தைத் தாண்டினால் 5, அதோடு நீங்கள் மறைவில் இருந்தால் 6.

மூன்றாவது, ஒளிதல். சுவரையோ மறைவையோ ஒட்டி நகர்வை முடிப்பவன் ஒளியலாம், ஒளிந்தவனைச் சுட முடியாது. ஆனால் அந்த டர்னில் ஓடியிருந்தால் ஒளிய முடியாது. வேகக் கூட்டத்தை ஆடுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், கை தானாகவே ஓட்டத்துக்குப் போகிறது, ஆறு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது, ஒளியும் உரிமை போய்விடுகிறது. ஓட்டம், பிறகு நடந்து ஒளிதல், பிறகு சார்ஜ் என்று மூன்று டர்னாகத் திட்டமிடுங்கள். நடை 6 உள்ளவன் நடந்தாலே மனிதனைவிட ஒன்றரை மடங்கு போகிறான். ஒன்று மட்டும் கவனம்: எதிரி தன் இனிஷியேட்டிவ் அளவு அங்குலத்துக்குள் வந்துவிட்டால் ஒளிந்தவனைக் கண்டுபிடித்துவிடுவான்.

நான்காவது, கைகலப்பில் இருப்பவனைச் சுட முடியாது. எதிரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் அம்புகளிலிருந்து பத்திரம். இதன் மறுபக்கம் கொஞ்சம் விசித்திரமானது. உங்கள் டர்னிலேயே எதிரியை ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டால் உங்கள் ஆள் அந்த இடத்திலேயே தனியாக நிற்பான், அடுத்தது எதிராளியின் சுடும் கட்டம். அதனால் யாரைச் சார்ஜ் செய்வது என்று பார்க்கும்போது "இவனை வீழ்த்தினால் என் ஆள் எங்கே நிற்பான்?" என்றும் பாருங்கள். தெரு நடுவில் இருப்பவனைவிட வாசலுக்குள் இருப்பவன் நல்ல இலக்கு.

மாடியில் இருப்பவர்களை இறக்க என்ன செய்வது? இங்கேதான் இந்தக் கூட்டத்தின் உண்மையான பலம். ஒருவன் தன் சாதாரண நடையின் அளவு உயரம்தான் ஏற முடியும், சுவர் அதைவிட உயரமாக இருந்தால் ஏறவே முடியாது. மனிதன் 4 அங்குலத்தோடு நின்றுவிடுவான், வெர்மின்கின் 5, பிளாக் ஸ்கேவனும் நைட் ரன்னரும் 6. உங்கள் மேசையில் 5, 6 அங்குலச் சுவர்கள் இருந்தால் அவை உங்களுக்கு மட்டுமான படிக்கட்டு. ஆனால் நகர்வுக் கட்டத்தின் தொடக்கத்திலேயே சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இனிஷியேட்டிவ் சோதனையும் உண்டு, ஏறிக்கொண்டே ஓட முடியாது. அதனால் முந்தைய டர்னிலேயே சுவரடியில் போய் ஒளிந்துவிடுங்கள். எலிகள் விலங்குகள், அவற்றால் ஏறவே முடியாது, அவற்றை அந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: மேலிருந்து பாய்ந்தால் என் ஆளே விழுந்து அடிபடுகிறான்

பாய்ச்சல் சார்ஜ் பார்க்க அழகாக இருக்கும், அடிக்க ஒன்று கூடுதல், பலமும் ஒன்று கூடுதல். ஆனால் ஒவ்வொரு முழு 2 அங்குல உயரத்துக்கும் ஒரு இனிஷியேட்டிவ் சோதனை, ஒன்றில் தவறினாலும் விழுவான். விழுந்தால் உயரம் எத்தனை அங்குலமோ அத்தனை பலத்தில் ஒன்று முதல் மூன்று அடிகள், கவசம் காப்பாற்றாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 அங்குல உயரத்திலிருந்து மூன்று சோதனை. இனிஷியேட்டிவ் 4 உள்ளவனுக்கு வெற்றி வாய்ப்பு 27-க்கு 8, அதாவது 30 சதவீதம்கூட இல்லை. இனிஷியேட்டிவ் 5 உள்ளவனுக்குச் சுமார் 58. 4 அங்குலத்திலிருந்து இரண்டு சோதனை: முன்னவனுக்கு 44, பின்னவனுக்கு 69. 4-க்குக் கீழே இருந்தால் ஒரே சோதனை: 67, 83. ஆக, பிளாக் ஸ்கேவனும் தலைவனும் மூன்று, மூன்றரை அங்குல மாடியிலிருந்து பாயலாம், நானும் தயங்காமல் பாய்வேன். நாலு அங்குலத்தை எட்டிவிட்டால் யோசியுங்கள். வெர்மின்கின்னை உயரத்திலிருந்து பாய விடாதீர்கள், கவணோடு அங்கேயே நிற்கட்டும். கவண் 2 கிரவுன்தான், 18 அங்குலம் போகும், அசையாமல் நின்றால் 9 அங்குலத்துக்குள் இரண்டு முறை சுடலாம்.

அறிகுறி: ராட் ஓகர் நடுத்தெருவில் சும்மா நிற்கிறது

பக்கத்தில் ஹீரோ இல்லை. 6 அங்குலத்துக்குள் ஒரு ஸ்கேவன் ஹீரோ இருந்தால் அதன் மந்தபுத்தி விதி வேலை செய்யாது, இல்லையென்றால் லீடர்ஷிப் 4-இல் சோதனை, பெரும்பாலும் தோற்கும். நடை 6 உள்ள நைட் ரன்னர் ஒன்றை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். மற்றபடி தொடக்கக் கூட்டத்தில் 500-இல் 210 கிரவுனை இதில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு 14 எலிகள் வரும்.

அறிகுறி: சண்டை நன்றாகப் போகும்போதே கூட்டம் சிதறி ஓடுகிறது

கூட்டத்தில் கால் பங்கு வெளியேறியதும் ஒவ்வொரு டர்னின் தொடக்கத்திலும் ரவுட் சோதனை (தோற்றால் கூட்டமே ஓடிவிடும்), தலைவனின் லீடர்ஷிப்பில். நம் தலைவனான அசாசின் அடெப்ட்டுக்கு லீடர்ஷிப் 7, தேறும் வாய்ப்பு 58 சதவீதம். அவனே வெளியேறிவிட்டால் பிளாக் ஸ்கேவனின் 6, வாய்ப்பு 42-க்கு இறங்கும். லீடர்ஷிப் 8 உள்ள மனிதத் தலைவனுக்கு அது 72. அதாவது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் சண்டையில் நாம்தான் முதலில் உடைவோம். தலைவன் கூட்டத்திலேயே சிறந்த சண்டைக்காரர்களில் ஒருவன், அதனால் அவனை முதல் சார்ஜில் அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். முதல் அலையில் எலிகளும் பிளாக் ஸ்கேவன்களும் ஒட்டிக்கொண்ட பிறகு, இரண்டாவது அலையில், ஏற்கெனவே இருவர் பிடித்து வைத்திருக்கும் எதிரியின்மேல் அவன் விழட்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 12 பேர் இருந்தால் 3 பேர் போனதும் சோதனை, 13 முதல் 16 வரை 4, 17 முதல் 20 வரை 5. பன்னிரண்டு பேரோடு நிற்கும் கூட்டத்துக்கு ஒரே ஒரு எலி சேர்த்தால் ஒரு இழப்பு கூடுதலாகத் தாங்கும். பதினாறில் நின்றாலும் அதே கதை. பதினான்கில் இருக்கும்போது இன்னொரு எலி வாங்குவதற்கு அந்த அவசரம் இல்லை, அந்தப் பணத்தை ஆயுதத்துக்கு வையுங்கள்.

அறிகுறி: ஜெயிக்கிறேன், ஆனால் கையில் காசு சேரவில்லை

ஆட்டம் முடிந்த பிறகு, வெளியேற்றப்படாமல் நின்ற ஒவ்வொரு ஹீரோவுக்கும் விர்ட்ஸ்டோன் தேடுதலில் ஒரு பகடை. வென்றவருக்கு ஒன்று கூடுதல். வெர்மின்கின்னுக்கும் எலிக்கும் எதுவும் கிடையாது. ஸ்கேவன் தொடக்கத்திலேயே ஆறு ஹீரோக்களை வைத்துக்கொள்ளலாம்: தலைவன், இரண்டு பிளாக் ஸ்கேவன், ஒரு சோர்சரர், இரண்டு நைட் ரன்னர், மொத்தம் 225 கிரவுன். மூன்று ஹீரோக்களை இழந்து வென்றால் நான்கு பகடை. ஆறு பேரும் நின்ற நிலையில் தோற்றால் ஆறு பகடை.

கால் பங்கு இழப்பு வந்த பிறகு உங்கள் டர்னின் தொடக்கத்தில் நீங்களாகவே பின்வாங்கவும் விதி இடம் தருகிறது. நான்கு எலிகளும் ஒரு வெர்மின்கின்னும் போய், ஹீரோக்கள் இன்னும் முழுதாக இருந்து, எதிரே பெரிய கைகலப்பு காத்திருந்தால் நான் அங்கேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆறு பகடையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அடுத்த ஆட்டத்துக்குள் அந்த எலிகளைத் திரும்ப வாங்க 60 கிரவுன் போதும்.